எட்டாவது புகை

எங்கள் பக்கத்தில் ஒரு ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை புகை என்றுதான் கேட்பார்கள். ஓர் அடுப்பு, ஒரு புகைபோக்கி, ஒரு குடும்பம், கணக்கு முடிந்தது. என் அப்பா காலத்தில் பிஸ்குவில் அறுபது புகை. நான் கல்யாணமாகி அந்த மலையிலிருந்து கீழே லுங்காவுக்கு வந்தபோது நாற்பது. போன குளிர்காலத்தில் ஏழு. அந்த ஏழிலும் ஐந்து பொய்.

பிரதுலேஷ்டி ஊராட்சி என்று பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது. தார்ச்சாலை ஓரம் பிரதுலேஷ்டி; மேயர் அலுவலகம், தேவாலயம், வியோரிக்காவின் கடை எல்லாம் அங்கே. பாலத்தைத் தாண்டினால் லுங்கா, அங்கே நான். நிமிர்ந்து பார்த்தால் பிஸ்கு. அங்கே என் அக்கா சவேத்தா. மலைக்குப் பின்பக்கம் வால்யா ரியா. கெட்ட பள்ளத்தாக்கு என்று அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கருநாக்கு. இப்போது அங்கே பலகை மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனார்கள், கிழடுகள் கல்லறைக்குப் போயின, பிளம் தோப்புகள் கரடிகளுக்குப் போயின.

வால்யா ரியாவின் கடைசி ஆள் நிக்கிஃபோர். ஒற்றைக்கட்டை. ஒரு குளிர்காலத்தில் அவர் புகை நின்றுபோனது. அதைப் பார்க்கிற இடத்தில் எந்த ஜன்னலும் இல்லை. ஆள் போய்ப் பார்த்தபோது பிளம் பூத்திருந்தது. அவரைப் பெட்டியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தவர்கள் உள்ளே என்ன கண்டார்கள் என்று இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று பிடித்த பயம் எனக்கு. காலையில் எழுந்தால் சிலுவைக்குறி போடுவதற்கு முன்பே ஜன்னலுக்குப் போய் அக்கா வீட்டுப் புகையைப் பார்த்துவிடுவேன். புகை இருந்தால்தான் காப்பி.

அந்த ஐந்து பொய்யைச் சொல்லவேண்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஆறு வீட்டுக்குக் குறைந்த மேட்டுக்குடியிருப்புகளுக்கு இனிமேல் பனி தள்ளும் டிராக்டர் போகாது என்றார். டிராக்டர் போகாவிட்டால் பிஸ்குவுக்கு ரொட்டி இல்லை, மருந்து இல்லை, மின்கம்பி அறுந்தால் கட்ட ஆள் இல்லை. அந்தக் கனவானுக்கு மலையேறவும் மனமில்லை. பளபளவென்று காலணி. என் வேலியோரம் நின்றபடி அண்ணாந்து புகையை எண்ணினார். பிஸ்குவில் அப்போது இருந்ததே இரண்டு பேர்: என் அக்கா, அவளுக்கு மூன்று வீடு தள்ளி ஹரலம்பி அண்ணன். அந்த இரண்டு பேரும் விஷயம் தெரிந்து, விடிவதற்குள் பூட்டிக் கிடந்த ஐந்து வீடுகளிலும் அடுப்பை மூட்டிவிட்டார்கள். சாவியெல்லாம் அவர்களிடம்தானே. அதிகாரி ஏழு என்று எண்ணிக்கொண்டு, என் வீட்டு சீஸையும் தின்றுவிட்டுப் போனார்.

அதோடு விட்டார்களா? மேயர் பல் விளக்கும்போதே பிஸ்கு அவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் மூட்டினார்கள். இடப்பக்க வீடுகள் அக்காவுக்கு, வலப்பக்க வீடுகள் அண்ணனுக்கு. இத்தாலியில் டூரினில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களும் வீடு ஈரம் பிடிக்காமல் இருக்கிறதென்று சந்தோஷப்பட்டார்கள். ஊராட்சி முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. மேயருக்கும் தெரிந்திருக்கும், அவருக்கும் ஓட்டு வேண்டுமே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் வீட்டில் பன்றி அறுத்த அன்று எனக்கும் அக்காவுக்கும் சண்டை.

"போதும்க்கா, கீழ வந்துடு. ரெண்டு பேரும் ஒரே அடுப்புல களி கிண்டித் திம்போம்," என்றேன்.

"நான் வந்தா பிஸ்குல யாருடி இருப்பா?"

"இப்ப மட்டும் யாரு இருக்கா? புகைக்கு நடுவுல நீயும் அந்தக் கெழவனும்."

"ரெண்டு பேரு இருந்தா அது ஊரு. ஒருத்தன் இருந்தா அது நிக்கிஃபோரு. அந்த மனுஷன அப்பிடி விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அப்போ புகையையே கட்டிக்கிட்டு அழு," என்றேன். குடல் கழுவிக்கொண்டிருந்த தண்ணீரை என் காலடியில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு போனும் இல்லை. அவள் பேசட்டும் என்று நான், நான் பேசட்டும் என்று அவள். எங்கள் இருவருக்கும் ஒரே அப்பாவின் கழுத்து, வளையாது.

ஜனவரியில் புனித யோவான் திருநாள் வந்தது. செத்துப்போன என் வீட்டுக்காரர் பெயர் யோன்; யோவான்தான் அது. அவர் பெயருக்காக ஒவ்வொரு வருஷமும் அன்று அக்கா புகைபோட்ட பன்றித் தொடையும் பிளம் சாராயமுமாக வந்துவிடுவாள். இந்த வருஷம் வரவில்லை. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய பனி திருநாள் முழுக்க மலையை மறைத்துக் கொட்டி மின்கம்பிகளை அறுத்துப்போட்டது. போன் கோபுரமும் செத்தது. கடைசியாகப் போனில் வந்தது கரடி எச்சரிக்கை: பிஸ்கு ஓடைப்பக்கம் கரடி நடமாட்டம், வெளியே வராதீர்கள். அந்தக் கரடியை எல்லோருக்கும் தெரியும். ஆளில்லாத தோப்புகளில் தின்று கொழுத்து, குளிர்காலத் தூக்கத்தையே மறந்துபோன சனியன். ஹரலம்பி அண்ணனின் நாயை இலையுதிர் காலத்தில் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு போனது அதுதான்.

வராதவள் மேல் கோபமாகத்தான் இருந்தது. மறுநாள் வானம் வெளுத்ததும் ஜன்னலுக்குப் போனேன். அக்கா வீட்டில் புகை இல்லை. அங்கேயே நின்றேன், காப்பிகூட வைக்கவில்லை. சூரியன் நன்றாக மேலே வந்தபிறகுதான் புகை வந்தது. சீ, மனுஷி தூங்கிவிட்டாள் போல என்று நினைத்து மீதியையும் எண்ணினேன். ஏழுக்கு எட்டாக இருந்தது.

எட்டாவது, ஓடையோரத்து ஆலைவீட்டில். மாவாலைக்காரர் வீடு அது. அவர் மகள் கெர்கீனா ஸ்பெயினில் இருக்கிறாள். பிஸ்குவுக்கும் லுங்காவுக்கும் நடுவில் பள்ளத்தில் கிடக்கிற வீடு. மலையின் தோள் மறைப்பதால் மேலே பிஸ்குவிலிருந்து அது தெரியாது. என் ஜன்னலிலிருந்து பிளம் மரங்களுக்கு மேலே அதன் புகைபோக்கி மட்டும் தெரியும். 'இந்தக் கெழவனுக்குப் பேராசை, ஆலைவீட்டையும் கணக்கில சேத்துட்டான்' என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டேன்.

அடுத்தடுத்த காலைகளிலும் அதே கதை. அக்கா வீட்டுப் புகை தாமதமாக வந்தது. அதோடு அது அவள் புகையாகவே இல்லை. இது வெளியாருக்குப் புரியாது. நாற்பது வருஷமாக அந்தப் புகையைப் பார்க்கிறேன். பால் கறக்கப் போவதற்கு முன்பே அவள் அடுப்பு எரியும். காய்ந்த ஓக் கட்டை, வெள்ளையாக, நேராக, நூல் பிடித்தது போல நிற்கும். இதுவோ கறுப்பாக, திக்கித்திக்கி, ஈரப் பைன் கட்டையை அவசரத்தில் திணித்தவன் புகை. என் அக்காவின் சமையலறையில் வேறு யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துபோனது. யார்? அவள் எங்கே? இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்து சோறு தண்ணீரை இறங்கவிடவில்லை.

வியோரிக்காவின் கடைக்குப் போனேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஊராட்சி டிராக்டர் ஓட்டும் சொரினெலும் இருந்தான். நான் சொன்னதைக் கேட்டு வியோரிக்கா கையை விரித்தாள்.

"சம்பிராக்கா, புகை வருதுல்ல?"

"வருது."

"அப்புறம் என்னக்கா? நெருப்பில்லாமப் புகையுமா?"

"நெருப்பு இருக்கு. மூட்டுறது அவ இல்ல."

கடையே சிரித்தது. சொரினெல் காப்பியை உறிஞ்சிக்கொண்டு, "புகையில கைரேகை பாக்குறீங்களாக்கா? நாளைக்குப் பிஸ்குக்கு வண்டி போகும், பாத்துக்கலாம்," என்றான்.

"சிரிடா, சிரி. நிக்கிஃபோரு செத்தப்பவும் இந்தக் கடையில நின்னுதான் சிரிச்சிட்டு இருந்தீங்க."

சிரிப்பு நின்றது. வியோரிக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வயசாச்சு, அக்கா லேட்டா எந்திரிக்கிறாங்க. கட்டை நனைஞ்சிருக்கும். அவங்க உங்க மேல கோவமா இருக்காங்க, அவ்வளவுதான்," என்றாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நானும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பூட்டை உடைத்து உள்ளே வந்த ஒருவன், முகம் தெரியாதவன், அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கட்டைகளை ஒவ்வொன்றாக அடுப்பில் தள்ளுவது போலவே தெரிந்தது. அவள் அந்த அறையின் எந்த மூலையில் கிடக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் புகை மறுபடி ஏழாகிவிட்டது. ஆலைவீட்டில் ஒன்றுமில்லை. கெழவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சொரினெல் டிராக்டரைக் கிளப்பும்போது சாலை நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"தள்ளுங்கக்கா. முதல்ல ஆஸ்பத்திரி ரோடு. பிஸ்கு நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்ன. ஏத்துறதுன்னா ஏத்து. என் மேல ஏறிப் போ."

"உங்களோட மல்லுக்கட்ட முடியாதுக்கா," என்று கதவைத் திறந்துவிட்டான்.

வண்டிப்பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஓடை வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான் நேர்வழி. பனியில் யாரும் அதில் கால் வைப்பதில்லை. டிராக்டர் முனகி முனகி ஏறியது. சொரினெல் முதலில் விசிலடித்தான். காட்டு வளைவில் பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போன தடங்களைப் பார்த்ததும் விசிலை நிறுத்தினான். ஒவ்வொன்றும் தட்டு அகலம், நகம் தனியாகப் பதிந்திருந்தது. ஓடைப்பக்கமாக இறங்கிப் போயிருந்தன.

"புதுசா?" என்றேன்.

"கேக்காதீங்கக்கா."

பிஸ்குவுக்குள் நுழைந்ததும் அவன் இன்ஜினை அணைத்தான். நான் பிறந்த ஊர் அது, அதற்கு நான் பயந்தது அன்றுதான். எல்லா அடுப்பும் எரிகிறது, ஏழு புகையும் நிற்கிறது, ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு கதவு அசையவில்லை. ஜன்னல்களில் பின்னல் திரைகள் சுத்தமாகத் தொங்கின. பனியில் ஒரே ஒரு ஆளின் தடம் இருந்தது. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசல், அங்கிருந்து அடுத்தது, மறுபடி திரும்பி. ஒரே ஜோடி அகலமான பூட்ஸ். என் அக்காவின் கால் சின்னது.

"ஆம்பள கால்," என்று சொரினெல் மெதுவாகச் சொன்னான். பனி வாரும் மண்வெட்டியை டிராக்டரிலிருந்து எடுத்துக்கொண்டான். இப்போது அவன் கைரேகை பற்றி எதுவும் பேசவில்லை.

அக்கா வீட்டுக் கதவு பூட்டவில்லை. உள்ளே சூடு. அடுப்பில் பைன் கட்டை சீறிக்கொண்டிருந்தது. படுக்கை விரித்தபடி சுருக்கம் இல்லாமல் கிடந்தது, யாரும் அதில் படுத்து நாளாகியிருந்தது. ஆணியில் அவளுடைய கனத்த கோட்டு இல்லை. மேசைமேல் ஒரு பாத்திரத்தில் அன்றைக்குக் கறந்த பால், அதன் பக்கத்தில் ஒரு ஆணின் தொப்பி.

"அக்கா," என்று கூப்பிட்டேன். மறுபடி கத்தினேன். பதிலுக்கு வெளியே பனி நொறுங்கியது. யாரோ வாசற்படி ஏறி வந்தார்கள். சொரினெல் கதவுக்குப் பின்னால் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றான். நான் நடு அறையில் நின்றேன்.

நெஞ்சு நிறையக் கட்டையோடு உள்ளே வந்தது ஹரலம்பி அண்ணன். மண்வெட்டியைப் பார்த்ததும் கட்டையெல்லாம் கீழே விழுந்தது.

"அடப்பாவி! சாவுறதுக்கு முன்ன எனக்கு இன்னும் வேலை பாக்கி இருக்குடா!"

எனக்கு உயிர் வந்தது. அப்படியே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் என் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தார்.

"நீ மட்டுந்தான் வந்தியா? சவேத்தா வரலியா? போகட்டும், உங்கிட்டயே இருந்துட்டு வரட்டும்மா. பசுவ நான் பாத்துக்குறேன். கோழியும் நல்லாருக்கு. அவ பக்கத்து வீடுங்களையும் நாந்தான் மூட்டுறேன், அதான் நேரமாயிடுது."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"என்னம்மா? யோவான் திருநாளுக்கு முந்தின நாளு, 'தங்கச்சி மேல கோவந்தான், அதுக்காக அவ வீட்டுக்காரர் பேருக்கு விடமுடியுமா'ன்னு தொடைக்கறிய மூட்டை கட்டிக்கிட்டு எறங்கிப் போனாளே. ஓடை வழியா. அன்னைக்கு ராத்திரி பனி புடிச்சிடுச்சு, அதான் உங்கிட்ட தங்கிட்டான்னு..." பேச்சு பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டார். "சம்பிரா. வந்தாள்ல?"

அவள் என்னிடம் இருக்கிறாள் என்று அவர் அவளுடைய அடுப்பை மூட்டினார். அடுப்பு எரிகிறதே என்று அவள் வீட்டில் இருக்கிறாள் என்று நான் நம்பினேன். வீடு குளிர்ந்து போகக்கூடாது, பசு தவிக்கக்கூடாது என்று அந்த மனுஷன் செய்த நன்மைதான் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. அவர் சும்மா இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே நான் மலையேறியிருப்பேன்.

"ஓடையில விழுந்துட்டாளோ," என்று அவர் முணுமுணுத்தார். இத்தனை நாள் பனியில் கிடந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஓடைப்பக்கம் இறங்கிய அந்தத் தடங்களையும் இரண்டு பேர் பார்த்திருந்தோம்.

அப்போதுதான் என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "அண்ணே, ஆலைவீட்டுல எதுக்கு மூட்டுனீங்க?"

"ஆலைவீடா? அங்க நான் எதுக்கும்மா போறேன்? கரடி திரியுது. அங்க மூட்டுனா இங்கருந்து எனக்கே தெரியாதே."

கெர்கீனாவின் புகை. எட்டாவது புகை. நான் நின்று திட்டிய புகை. என் அக்கா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்; தினமும் காலையில் நான் ஜன்னலில் நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும், கூப்பிட அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். நான் அதை எண்ணிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போயிருக்கிறேன். இன்று காலை அது நின்றபோது நிம்மதிகூடப் பட்டேன்.

ஒற்றையடிப் பாதையில் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடுப்பளவு பனி. பாதி நடந்தேன், பாதி உருண்டேன். சொரினெல் முன்னால் பனியை வெட்டிக்கொண்டே, கரடி ஒதுங்கட்டும் என்று கெட்ட வார்த்தைகளைப் பாட்டாகக் கத்திக்கொண்டு போனான். ஹரலம்பி அண்ணன் பின்னால் ஒரு வாளியைத் தடியால் அடித்துக்கொண்டு வந்தார். மலையின் தோளைத் தாண்டியதும் ஆலைவீடு கண்ணில் பட்டது. புகைபோக்கியின் மேலிருந்த பனி உருகிக் கறுத்திருந்தது. புகை இல்லை.

வீட்டைச் சுற்றித் தட்டகலத் தடங்கள். ஒருமுறை வந்துபோன தடம் இல்லை, சுற்றிச் சுற்றி வந்த தடம். கதவின் கீழ்ப்பாதியில் பலகை சிராய் சிராயாகக் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் இருட்டு.

"நீங்க நில்லுங்கக்கா," என்றான் சொரினெல்.

நிற்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டுக் கதவில் மோதினேன். உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்திருந்தது. இருவரும் சேர்ந்து இடித்ததும் ஒரு மாவுப்பெட்டி நகர்ந்து வழிவிட்டது. அந்த வீட்டில் அந்தப் பெட்டியைத் தவிர மரமே இல்லை. நாற்காலி, மேசை, அலமாரிக் கதவு, கட்டிலின் சட்டம், தரைப்பலகையில் பாதி, எல்லாம் அடுப்புக்குள் போயிருந்தன. சுவரில் மாதா படம் மட்டும் விட்டுவைக்கப்பட்டிருந்தது, அதற்கும் சட்டம் இல்லை. அடுப்பைத் தொட்டேன். குளிர்ந்துவிட்டிருந்தது.

அடுப்பையொட்டிக் கம்பளங்களின் குவியல். ஒவ்வொன்றாக உருவினேன். கடைசிக் கம்பளத்துக்குக் கீழே என் அக்கா, சாம்பல் நிறத்தில், ஒரு கால் தப்பான பக்கம் திரும்பியபடி, கையில் காலித் தீப்பெட்டியோடு. நிக்கிஃபோரைப் பார்த்தவர்கள் ஏன் பேசவில்லை என்று அப்போது புரிந்தது. நான் அவள் முகத்தைத் தொடப் பயந்தேன். என் கூடப்பிறந்தவளின் முகத்தைத் தொடப் பயந்தேன்.

ஹரலம்பி அண்ணன்தான் குனிந்து, தன் தொப்பியைக் கழற்றி, அவள் வாயருகே கன்னத்தை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "தாடி குத்துது."

நான் சத்தமாகவே ஊளையிட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமானது.

"வந்துட்டியா," என்றாள். உதடு வெடித்திருந்தது. "எண்ணி முடிச்சிட்டியாடி?"



சொரினெல் அவளைச் சிறுபிள்ளையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு லுங்கா பக்கம் இறங்கினான். வழியெல்லாம் அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் அவன் காதருகே, "பள்ளம் பாத்துக் காலை வைடா, இன்னொரு காலாவது மிஞ்சட்டும்," என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஓடைப்பாலத்தில் வழுக்கி விழுந்து, உடைந்த காலோடு ஆலைவீடுவரை ஊர்ந்து போய், இடுப்புக் கொத்திலிருந்த சாவியால் திறந்தாளாம். தொடைக்கறியும் சாராயமும்தான் உயிரைப் பிடித்து வைத்தன. ஊர் அடுப்பையெல்லாம் மூட்டித் திரிந்தவள், கோட்டுப் பையில் தீப்பெட்டி இல்லாமல் வெளியே போகமாட்டாள். இருட்டினால் கரடி கதவைச் சுரண்டும், அவள் சட்டியைத் தட்டுவாளாம். "கரடிக்கிட்டப் பயமில்ல. பகல்ல உன் வீட்டுப் புகை அந்த ஜன்னல் வழியா தெரியும். நிம்மதியா களி கிண்டுறா பாருன்னு அதப் பாத்துட்டே கெடந்தேன். அதுதாண்டி பயமா இருந்துச்சு," என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள்.

இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. இனி மலையேற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது என்னோடுதான் இருக்கிறாள், என் களியில் உப்பு போதாது என்று தினமும் சொல்கிறாள்.

ஹரலம்பி அண்ணனையும் கூப்பிட்டோம். நானே மேலே போய்க் கெஞ்சினேன். வரமாட்டேன் என்றார். ஆனால் அன்றே வீடுவீடாகப் போய் எல்லா அடுப்பிலும் தண்ணீர் ஊற்றி அணைத்தார். சாவிகளை என் கையில் கொடுத்து, "இனிமே பொய் வேணாம்மா. வண்டி வராட்டி வராம போகட்டும். என் புகை மட்டும் எரியட்டும். அதப் பாத்தா நீ நம்பலாம்," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

அதனால் இப்போது பிஸ்குவில் ஒரு புகை. மேயருக்கும் தெரியும், மாவட்டத்துக்கும் தெரியும். இந்தக் குளிர்காலம் அங்கே டிராக்டர் போகாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். "நான் ஓடை வரைக்கும் தள்ளி வெக்கிறேன், அதுக்கு மேல கேக்காதீங்கக்கா," என்று சொரினெல் சொல்லியிருக்கிறான்.

விடியும்போது அக்கா எனக்கு முன்பே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். கண்ணாடியில் மூச்சு படிந்தால் முழங்கையால் துடைக்கிறாள்.

"இன்னும் வரல," என்கிறாள்.

"மனுஷன் தூங்கட்டும்க்கா."

"அவரு தூங்குற ஆளில்ல."

நான் கோட்டைப் போட்டு, பூட்ஸை மாட்டி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுகிறேன். அதன்பிறகுதான் ஜன்னலுக்குப் போய்ப் பார்க்கிறேன்.